ஞாயிறு வழிபாடும் வளர்ந்தோர் விசுவாச உருவாக்கமும்: அமெரிக்க எபிஸ்கோப்பல் சேகரம் ஒன்றை முன்வைத்து



"கிறிஸ்தவ வழிபாட்டின் அமைப்பை விளக்கி, விசுவாசியின் வாழ்வில் அது பெறும் இடத்தை ஆராய்க" என்ற வகையிலான வினாவை வகுப்பில் எழுதக் கொடுக்கும்போது, ஒவ்வொரு வருடமும் ஒரே விடயத்தை அவதானிக்கின்றேன். வினாவின் முதற் பகுதிக்கு எல்லோரும் சரியாக விடை எழுதுகின்றீர்கள். இரண்டாம் பகுதிக்கு வந்ததும், "வழிபாடு எம்மை நல்வழிப்படுத்துகின்றது" என்ற ஒரு வசனத்துடன் பேனை நின்றுவிடுகின்றது. எவ்வாறு நல்வழிப்படுத்துகின்றது? எப்போதும் நல்வழிப்படுத்துகின்றதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இவ்வலகின் நோக்கமாகும்.

இதற்கு உதாரணமாக ஐக்கிய அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையை எடுத்துக்கொள்வோம். சொந்த வீட்டின் ஒழுங்கு எமது கண்ணில் படுவதில்லை. அயல் வீட்டுக்குப் போனால்தான் எந்தப் பொருள் எங்கே, ஏன் வைக்கப்பட்டிருக்கின்றது என்று பார்க்கத் தோன்றும். இந்த அயல் வீடு எமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. எமது இலங்கைத் திருச்சபையைப் போலவே இதுவும் உலகளாவிய அங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது.

1. பெயரும் தோற்றமும்

"எபிஸ்கோப்பல்" என்ற சொல் "மேற்பார்வையாளர்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. திருச்சபையில் அம்மேற்பார்வையாளர் பேராயர் ஆவார். எனவே எபிஸ்கோப்பல் திருச்சபை என்பது பேராயர்களைக் கொண்ட திருச்சபை எனப் பொருள்படும்.

அமெரிக்கா பிரித்தானியாவின் குடியேற்ற நாடாக இருந்தபோது அங்கிருந்த அங்கிலிக்கர் இங்கிலாந்துத் திருச்சபையின் அங்கத்தவர்களாக இருந்தனர். அங்கு பேராயர் எவரும் இருக்கவில்லை. குருவாக விரும்பியவர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்து சென்று குருத்துவ அபிஷேகம் பெறவேண்டியிருந்தது. 1776 ஆம் ஆண்டு சுதந்திரப் பிரகடனம் செய்யப்பட்டபின் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெறுபவர் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும். மன்னரை எதிர்த்துச் சுதந்திரம் பெற்ற நாட்டவர் அதனை எவ்வாறு செய்வது? இதனால் சாமுவேல் சீபரி என்பவர் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்குச் சென்று, 1784 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்குள்ள பேராயர்களிடம் அபிஷேகம் பெற்றார். 1789 ஆம் ஆண்டு அமெரிக்கத் திருச்சபை தனக்கெனச் சட்டயாப்பையும் பொதுச் செபப் புத்தகத்தையும் ஏற்படுத்திக்கொண்டது.

குழப்பிக்கொள்ள வேண்டாம்: 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்தது அன்று. அது பேராயர்கள் இல்லாத கொங்கிரிகேஷனல் மரபில் வந்தது. அதன் சபைகள் பின்னர் 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இலங்கையில் அங்கிலிக்கன் மரபைக் கொண்டுள்ளது இலங்கைத் திருச்சபையாகும். அதன் கொழும்பு மறைமாவட்டம் 1845 இலும் குருநாகல் மறைமாவட்டம் 1950 இலும் அமைக்கப்பட்டன.

2. சேகரத்தின் அமைப்பு

ஒரு தேவாலயத்தையும் அதனைச் சேர்ந்த மக்களையும் சேகரம் என்கின்றோம். பல சேகரங்கள் சேர்ந்தது மறைமாவட்டம். எபிஸ்கோப்பல் சேகரம் ஒன்றில் பின்வருவோர் முக்கிய இடம் பெறுவர்.

(அ) ரெக்டர்: சேகரத்துக்குப் பொறுப்பான குருவானவர். பேராயரின் ஆலோசனையுடன் சேகரத்தின் குழுவே இவரைத் தெரிவு செய்கின்றது.
(ஆ) வெஸ்ட்ரி: சேகர மக்களால் வருடாந்தக் கூட்டத்தில் தெரிவு செய்யப்படும் பொதுநிலையினரின் குழு. நிதி, கட்டடம் முதலிய பொறுப்புகள் இதற்குரியவை.
(இ) வார்டன்கள்: வெஸ்ட்ரியின் தலைமைப் பொறுப்பை ஏற்கும் இரு பொதுநிலையினர்.
(ஈ) வழிபாட்டில் பணியாற்றும் பொதுநிலையினர்: வேதபாடம் வாசிப்போர், மன்றாட்டை நடத்துவோர், திராட்சரசக் கிண்ணம் ஏந்துவோர், பாடகர் குழாத்தினர், பீடத்தை ஆயத்தம் செய்வோர்.

பெண்களைக் குருக்களாக்க இத்திருச்சபை 1976 ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது. 1989 ஆம் ஆண்டு பார்பரா ஹரிஸ் பேராயராக அபிஷேகம் பெற்றார். அங்கிலிக்கன் ஐக்கியம் முழுவதிலும் முதலாவது பெண் பேராயர் இவரே.

3. ஞாயிறு வழிபாடு

பல சேகரங்களில் ஞாயிறு காலையில் இரு ஆராதனைகள் நடைபெறும். முதலாவது பெரும்பாலும் பாடல்களின்றி அமைதியாக நடைபெறும். இரண்டாவது பாடகர் குழாம், இசை ஆகியவற்றுடன் நடைபெறும். 1979 ஆம் ஆண்டின் செபப் புத்தகம் நற்கருணை ஆராதனைக்கு இரு முறைகளைத் தருகின்றது. முதலாம் முறை பழைய நடையிலும், இரண்டாம் முறை இக்கால நடையிலும் அமைந்தவை.

இங்கு ஒரு மாற்றத்தை அவதானிக்க வேண்டும். முன்னர் பல சேகரங்களில் காலைச் செபமே வழமையான ஞாயிறு ஆராதனையாக இருந்தது. நற்கருணை மாதத்துக்கு ஒருமுறை இடம்பெறுவது பரவலான வழக்கமாக இருந்தது. 1979 ஆம் ஆண்டின் புத்தகமோ ஞாயிற்றுக்கிழமையின் பிரதான ஆராதனை நற்கருணையே என வரையறுத்தது.

நற்கருணை ஆராதனை இரு பெரும் பகுதிகளைக் கொண்டது.

முதலாம் பகுதி: இறைவார்த்தை
1. ஆரம்பப் பாடலும் வாழ்த்தும்
2. அந்நாளுக்குரிய செபம்
3. பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், நற்செய்தி ஆகிய வாசகங்கள்
4. அருளுரை
5. நைசியா விசுவாசப் பிரமாணம்
6. திருச்சபைக்காகவும் உலகுக்காகவும் மன்றாட்டு
7. பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும்
8. சமாதான வாழ்த்து

இரண்டாம் பகுதி: திருவிருந்து
1. காணிக்கையும் அப்பரசமும் பீடத்துக்குக் கொண்டுவரப்படல்
2. நன்றியறிதல் மன்றாட்டு
3. கர்த்தர் கற்பித்த செபம்
4. அப்பம் பிட்கப்படல்
5. அப்பரசம் பகிரப்படல்
6. நன்றிச் செபம், ஆசீர்வாதம், அனுப்புதல்

இவ்வொழுங்கை மனனம் செய்தால் மாத்திரம் போதாது. அதன் தர்க்கத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள். மக்கள் முதலில் கேட்கின்றார்கள். கேட்டதற்கு விசுவாசப் பிரமாணத்தின் மூலம் பதிலளிக்கின்றார்கள். பின்னர் பிறருக்காக மன்றாடுகின்றார்கள். தம் குற்றத்தை ஏற்றுக்கொள்கின்றார்கள். பக்கத்தில் நிற்பவருடன் சமாதானம் பகிர்கின்றார்கள். அதன் பின்னரே பந்திக்குச் செல்கின்றார்கள். மனத்தாங்கலுடன் ஒரே பந்தியில் உட்காருவது எவ்வளவு கடினம் என்பது எமது கலியாண வீடுகளில் நாம் அறிந்ததே. சமாதான வாழ்த்து திருவிருந்துக்கு முன்னர் வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும். கடைசியில் வரும் அனுப்புதலும் முக்கியமானது. வழிபாடு தேவாலயத்துக்குள் முடிவடைவதில்லை என்பதை அது உணர்த்துகின்றது.

4. திருச்சபை ஆண்டும் வாசக அட்டவணையும்

திருச்சபையின் புதுவருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முன்னர் வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துடன் அது தொடங்குகின்றது. தொடர்ந்து கிறிஸ்து பிறப்பு, திருவெளிப்பாடு, தவக்காலம், உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே என்பன வருகின்றன. காலத்துக்கேற்பப் பீடத்துணியின் நிறமும் மாறும். திருவருகைக் காலத்துக்கு ஊதா அல்லது நீலம், தவக்காலத்துக்கு ஊதா, பெருவிழாக்களுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தே நாளுக்குச் சிவப்பு, ஏனைய சாதாரண காலத்துக்குப் பச்சை என்பது பொது வழக்காகும்.

வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று ஒன்றின்படி அமைந்துள்ளன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா ஆகிய நற்செய்திகள் முதன்மை பெறும். யோவான் நற்செய்தி விசேட காலங்களில் இடையிடையே வாசிக்கப்படும். பல திருச்சபைகள் பொதுவாகப் பயன்படுத்தும் திருத்திய பொது வாசக அட்டவணையை எபிஸ்கோப்பல் திருச்சபை 2007 ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் முதல் தனது வாசக அட்டவணையாக்கியது.

இதன் பயன்கள் இரண்டு. ஒன்று, குருவானவர் தமக்குப் பிடித்த பகுதிகளை மாத்திரம் தெரிந்தெடுத்துப் பேச முடியாது. தமக்குச் சங்கடமான பகுதியையும் விளக்கவேண்டும். மற்றது, ஒரே பகுதி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும்போது கேட்பவரின் வயது மாறியிருக்கும். லூக்கா 15 ஆம் அதிகாரத்தின் ஊதாரி மைந்தன் உவமை, லூக்காவின் ஆண்டில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று வாசிக்கப்படுகின்றது. 15 வயதில் கேட்பவர் வீட்டை விட்டுப் புறப்பட்ட இளைய மகனின் பக்கம் நிற்பார். 30 வயதில், வீட்டில் நின்று உழைத்த மூத்த மகனின் கோபம் நியாயமாகத் தோன்றும். 55 வயதில், வாசலில் நின்று வழிபார்த்த தகப்பனின் மனம் புரியும். உவமை மாறவில்லை. கேட்டவர் வளர்ந்துவிட்டார். "ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதால் என்ன பயன்?" என்று கேட்போருக்கு இதுவே விடையாகும்.

5. வளர்ந்தோர் விசுவாச உருவாக்கம்

எம்மில் பலர் திடப்படுத்தல் பெற்றதும் சமயக் கல்வி முடிந்துவிட்டதாக எண்ணுகின்றோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையுடன் சமயப் பாடக் கொப்பியை மூடிவிடுகின்றோம். எபிஸ்கோப்பல் சேகரங்கள் வளர்ந்தோருக்கும் கற்றலுக்கு இடம் ஒதுக்குவதை இப்பின்னணியில் பார்க்கவேண்டும்.

"உருவாக்கம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிவூட்டல் என்பது குடத்தில் நீரை வார்ப்பது போன்றது. உருவாக்கம் என்பது குடத்தையே வனைவது. வேத வசனங்களை அறிந்திருப்பது மாத்திரமன்றி, அவற்றின்படி யோசிக்கவும் தீர்மானிக்கவும் பழகுவதே உருவாக்கமாகும்.

வளர்ந்தோருக்கான பிரதான வழிகள் வருமாறு:

(அ) வளர்ந்தோர் கலந்துரையாடல்: பல சேகரங்களில் இரு ஞாயிறு ஆராதனைகளுக்கும் இடைப்பட்ட வேளையில் நடைபெறும். வேதபாடம், திருச்சபை வரலாறு, நோய், மரணம், வறுமை போன்ற விடயங்கள் பேசப்படும்.

(ஆ) திருமுழுக்கு ஆயத்தம்: வயதுவந்தபின் கிறிஸ்தவத்தைத் தழுவ விரும்புவோர் ஒரு காலப்பகுதி முழுவதும் சபையினருடன் சேர்ந்து கற்று, செபித்து ஆயத்தமாகின்றனர். ஆதித் திருச்சபையின் இவ்வழக்கம் மீளவும் நடைமுறைக்கு வந்துள்ளது. உயிர்ப்பு விழாவின் முன்னிரவு ஆராதனை திருமுழுக்குக்கு மிகப் பொருத்தமான வேளைகளில் ஒன்றாகும்.

(இ) பேராயரின் வருகைக்கான ஆயத்தம்: பேராயர் சேகரத்துக்கு வரும்போது சிலர் திடப்படுத்தல் பெறுவர். வேறு திருச்சபைகளிலிருந்து வந்தோர் ஏற்றுக்கொள்ளப்படுவர். விசுவாசத்தைவிட்டு விலகியிருந்து திரும்பியோர் தமது வாக்குறுதியைப் புதுப்பிப்பர்.

(ஈ) நான்காண்டுக் கற்கைநெறி: "பணிக்கான கல்வி" என்ற பொருள்படும் பெயரைக் கொண்ட இக்கற்கைநெறியை, டெனசி மாநிலத்தின் செவானியிலுள்ள தென் பல்கலைக்கழகத்தின் இறையியற் பீடம் 1975 முதல் நடத்துகின்றது. பொதுநிலையினர் சிறு குழுக்களாகக் கூடி, முதலாம் ஆண்டில் பழைய ஏற்பாடு, இரண்டாம் ஆண்டில் புதிய ஏற்பாடு, மூன்றாம் ஆண்டில் திருச்சபை வரலாறு, நான்காம் ஆண்டில் இறையியல் எனக் கற்கின்றனர். விரிவுரையாளருக்குப் பதிலாக வழிகாட்டி ஒருவர் இருப்பார். கற்றதைத் தம் அன்றாட வாழ்வுடன் பொருத்திப் பார்ப்பது ஒவ்வொருவரதும் கடமையாகும்.

இங்கு கேள்வி கேட்பது அவிசுவாசமாகக் கருதப்படுவதில்லை. வேதம், மரபு, பகுத்தறிவு ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குவது அங்கிலிக்கன் சிந்தனையின் இயல்பாகும். 16 ஆம் நூற்றாண்டின் ஆங்கில இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கரின் சிந்தனையுடன் இம்மரபு தொடர்புபடுத்தப்படுகின்றது.

6. திருமுழுக்கு உடன்படிக்கை

வழிபாட்டையும் உருவாக்கத்தையும் இணைக்கும் பாலம் இதுவாகும். 1979 ஆம் ஆண்டின் செபப் புத்தகத்தின்படி, திருமுழுக்கு நடைபெறும்போது சபையார் அனைவரும் எழுந்து தமது விசுவாசத்தை அறிக்கையிட்டு ஐந்து வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர். அவற்றின் சாரம் வருமாறு:

1. அப்போஸ்தலரின் போதனையிலும் ஐக்கியத்திலும் நிலைத்திருத்தல்
2. தீமையை எதிர்த்தலும், தவறினால் மனந்திரும்புதலும்
3. சொல்லாலும் செயலாலும் நற்செய்தியை அறிவித்தல்
4. எல்லா மனிதரிலும் கிறிஸ்துவைக் கண்டு பணிசெய்தல்
5. நீதிக்கும் சமாதானத்துக்கும் உழைத்து, ஒவ்வொரு மனிதரதும் மாண்பை மதித்தல்

குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவருக்காக அன்று பெற்றோரும் ஞானப் பெற்றோரும் வாக்குறுதி அளித்தனர். வளர்ந்தபின் அவர் அதனைத் தன்னுடைய வாக்குறுதியாக்க வேண்டும். வளர்ந்தோர் கல்வி அவசியமாவது இதனாலேயே.

7. ஒரு கடினமான வினா

இனி ஆரம்பத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு வருவோம். வழிபாடு எப்போதும் மனிதரை நல்வழிப்படுத்துகின்றதா? வரலாறு உடனே "ஆம்" என்று சொல்லவிடாது.

1865 ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிக்கப்படும் வரை, ஞாயிறுதோறும் செபப் புத்தகத்தைக் கையில் ஏந்திய எபிஸ்கோப்பல் கிறிஸ்தவர்கள் பலர் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். அவர்களுள் குருமாரும் இருந்தனர். பாவ அறிக்கையை வாயாற் சொன்னவர்களுக்கு, தம் வீட்டில் நடந்த பாவம் கண்ணில் படவில்லை.

அப்சலோம் ஜோன்ஸ் என்பவரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். அவர் 1746 ஆம் ஆண்டு டெலவெயாரில் அடிமையாகப் பிறந்து, 1784 இல் தமது விடுதலையை விலைகொடுத்து வாங்கினார். பிலடெல்பியாவின் மெதடிஸ்த தேவாலயம் ஒன்றில் செபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்கள், தமக்குரிய இடத்தில் இல்லை எனக் கூறப்பட்டு முழங்காலிலிருந்து எழுப்பப்பட்டனர். அவர்கள் அங்கிருந்து வெளியேறினர். பின்னர் ஜோன்சின் தலைமையில் 1794 ஆம் ஆண்டு அந்நகரில் புனித தோமாவின் ஆபிரிக்க எபிஸ்கோப்பல் தேவாலயம் உருவாகியது. எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதலாவது கறுப்பினக் குருவானவரும் அவரே. எனினும் அச்சேகரத்துக்கு மறைமாவட்டப் பேரவையில் இடம் பல தசாப்தங்களாக மறுக்கப்பட்டது.

2006 ஆம் ஆண்டு எபிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுப் பேரவை, அடிமைமுறைக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அதே புனித தோமா தேவாலயத்தில் மனந்திரும்புதல் ஆராதனை நடைபெற்றது. 2019 ஆம் ஆண்டு முதல் "புனித நிலம்" எனப் பொருள்படும் கலந்துரையாடல் தொடர் ஒன்று சேகரங்களில் நடைபெற்று வருகின்றது. அதில் வளர்ந்தோர் சிறு குழுக்களாகக் கூடி, திரைப்படங்கள், நூல்கள் மூலம் தம் நாட்டின் இனப் பாகுபாட்டு வரலாற்றைக் கற்றுக் கலந்துரையாடுகின்றனர்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? வழிபாடு மனிதருக்கு வார்த்தைகளைக் கொடுக்கின்றது. அவ்வார்த்தைகளும் வாழ்க்கையும் பொருந்துகின்றனவா என்று கேட்கக் கற்பிப்பது உருவாக்கமாகும். உருவாக்கமற்ற வழிபாடு வெறும் பழக்கமாகிவிடலாம். வழிபாடற்ற உருவாக்கம் வெறும் விவாதமாகிவிடலாம். எனவே ஒன்றுக்கு மற்றது தேவை.

8. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

• ஆராதனை ஒழுங்கைப் பட்டியலிட்டதும் நிறுத்தாது, ஏதாவது இரு பகுதிகளையாவது காரணத்துடன் விளக்குக. (உதாரணம்: சமாதான வாழ்த்து, அனுப்புதல்)
• "நல்வழிப்படுத்துகின்றது" போன்ற பொதுவான வசனத்தை எழுதினால், அடுத்த வசனத்தில் சான்று ஒன்று தருக.
• ஆண்டுகளை மாற்றி எழுத வேண்டாம். 1784 பேராயரின் அபிஷேகம். 1789 சட்டயாப்பும் முதற் செபப் புத்தகமும். 1979 இன்றைய செபப் புத்தகம்.
• "ஆராய்க" என்ற வினாவில் மறுபக்கத்தையும் எழுதுக. குறையை எழுதினால் சமயத்தை இழிவுபடுத்தியதாகிவிடுமோ என அஞ்சவேண்டியதில்லை. அத்திருச்சபையே தன் குறையைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டுள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. "எபிஸ்கோப்பல்" என்ற சொல்லின் பொருளை எழுதுக.
2. சாமுவேல் சீபரி ஸ்கொட்லாந்தில் அபிஷேகம் பெற்றமைக்கான காரணம் யாது?
3. மூன்றாண்டு வாசகச் சுற்றின் பயன்கள் இரண்டினை விளக்குக.
4. அறிவூட்டலுக்கும் உருவாக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் தெளிவுபடுத்துக.
5. "வழிபாடு மாத்திரம் மனிதரை மாற்றிவிடாது." அப்சலோம் ஜோன்சின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

மாணவர்களே, ஐந்தாம் வினாவுக்கு விடை எழுத முன்னர் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வரும் ஞாயிறு உங்கள் தேவாலயத்தில் நீங்கள் பாராமற் சொல்லும் செபம் ஒன்றைத் தெரிவு செய்து, அதன் ஒரு வசனத்தைக் கொப்பியில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்த வசனம் உண்மையானால் திங்கட்கிழமை நீங்கள் செய்யவேண்டியது என்ன என்று எழுதுங்கள். அதை எழுதிய மாணவருக்கு இரண்டாம் பகுதியில் பேனை நிற்காது.